வேதவல்லி வீட்டு ஜாடி

காற்றில் தூசி அளக்கும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். கையில் நல்ல கருவி கொடுத்திருக்கிறார்கள். பொத்தானை அமுக்கினால் எண் வருகிறது. அந்த எண்ணை யாருக்கு அனுப்ப வேண்டும் என்று முதல் நாளே சொல்லித் தந்திருப்பார்கள். யாரிடம் சொல்லக் கூடாது என்றும் கையோடு சொல்லித் தந்திருப்பார்கள். அந்த இரண்டாவது பாடத்தைப் பற்றித்தான் இங்கே பேசப் போகிறேன். வயதாகிவிட்டது, கோபம் குறைந்திருக்கும் என்று எதிர்பார்க்காதீர்கள். குறையவில்லை.

எனக்குப் பள்ளிக்கூடப் படிப்பு பத்தாவதோடு சரி. ஜாடி தூக்கித் தூக்கி, மாடி ஏறி ஏறி, வீட்டுக்காரர்கள் பேசுவதைக் காது கொடுத்துக் கேட்டுக் கேட்டுத்தான் இந்தத் தொழில் எனக்கு வந்தது.

எண்பதுகளின் தொடக்கம் அது. காற்றுக்கென்று தனியாகச் சட்டம் வந்த புதிது. நெய்வேலி டவுன்ஷிப்பின் ஓரத்தில், முந்திரித் தோப்புக்கு அந்தப் பக்கம், தனியார் ஒருவர் கரித்தூள் மில் வைத்திருந்தார். பழுப்பு நிலக்கரியை உலையில் காயவைத்து, மாவாக அரைத்து, வெளியூர்ச் சூளைகளுக்கு லாரியில் அனுப்புவார். ஒரே உலை, ஒரே புகைபோக்கி. வாடைக்காற்று அடிக்கும் மாதங்களில் அதிலிருந்து கிளம்புவதெல்லாம் தோப்பைத் தாண்டி, முதல் தெருக் குவார்ட்டர்ஸ் மேல் வந்து இறங்கும்.

அந்தத் தெருப் பெண்கள் அதற்கு ஒரு பெயர் வைத்திருந்தார்கள். மாவு. "இன்னிக்கி மாவு ஜாஸ்தியா இருக்குதுடி, துணிய உள்ள எடு" என்று ஒரு மாடியிலிருந்து இன்னொரு மாடிக்குக் குரல் போகும். இட்லிக்கு அரைத்ததா, வானத்திலிருந்து விழுந்ததா என்று யாரும் குழம்பியதில்லை. குரலின் எரிச்சலே சொல்லிவிடும்.

மில் முதலாளி இரண்டாவது உலை போட அனுமதி கேட்டார். தெருக்காரர்கள் கூடிப் புகார் கொடுத்தார்கள். தூசி எவ்வளவு விழுகிறது என்று அளந்து சொல்லுங்கள், பிறகு முடிவு செய்யலாம் என்று உத்தரவானது. அளக்க வந்தது எங்கள் சோதனைக்கூடம். எங்களை அமர்த்தியது யார் தெரியுமா? மில் முதலாளியேதான். பரீட்சை எழுதுகிறவனே வாத்தியாரை வீட்டுக்கு அழைத்துக்கொண்டு வருவது போல. யாருக்கும் அது வெட்கமாகப் படவில்லை.

அப்போது எங்களிடம் இருந்த கருவி என்ன? அகன்ற வாய் வைத்த ஒரு கண்ணாடி ஜாடி. அடியில் கொஞ்சம் தண்ணீர். மொட்டை மாடியில் ஒரு ஸ்டாண்டில் மாதம் முழுக்கத் திறந்து கிடக்கும். மேலிருந்து விழுவது அதில் விழும். மாதக் கடைசியில் எடுத்துப் போய், தண்ணீரைச் சுண்டவைத்து, மிச்சத்தை எடை போடுவோம்.

ஜாடிகளை எடுத்துக்கொண்டு புறப்பட்ட அன்று எங்கள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டார்.

"ஜாடி எதுக்குன்னு வீட்டுக்காரங்ககிட்ட மூச்சு விடாதே. தெரிஞ்சா அடுப்புச் சாம்பலை அள்ளிப் போட்டுருவாங்க. மில்லு மேல அவ்வளவு கடுப்புல இருக்காங்க."

"கேட்டா என்ன சொல்றது சார்?"

"ஆபீஸ் வேலைன்னு சொல்லு. ஆபீஸ்னா யாரும் மேல கேக்க மாட்டாங்க."

மில்லுக்கு மிக அருகில் இருந்த வீடு வேதவல்லியுடையது. அவர் கணவர் ஏழுமலை சுரங்கத்தில் வெல்டர், பர்மனெண்ட். ஒரே பெண், மலர். பள்ளிக்கூடம் போகிற வயது. போக முடிந்தால்தானே? ஐப்பசி பிறந்து காற்று திரும்பிவிட்டால் அந்தக் குழந்தைக்கு இளைப்பு தொடங்கிவிடும். நான் முதல்முறை போனபோது உள்ளறையிலிருந்து அந்தச் சத்தம் கேட்டது. அடைத்துக்கொண்ட குழாயில் காற்று வருகிற மாதிரி ஒரு சத்தம். கேட்டுக்கொண்டே வேதவல்லி கொடுத்த மோரைக் குடிப்பது எனக்குக் கஷ்டமாக இருந்தது.

"ரெண்டாவது ஒலையும் வந்துட்டா எம்பொண்ண இங்க வச்சிக்கினு இருக்க முடியாதுங்க" என்றார். "டாக்டரு சொல்லிட்டாரு, தூசி இல்லாத எடமா பாத்துக்கினு போங்கன்னு. மேல்பட்டாம்பாக்கத்துல எங்கம்மா வூடு இருக்குது. நானும் பொண்ணும் போயிடலாம். அவுரு போட்டுட்டு வர முடியுமா, பர்மனெண்ட் வேலய? ஒரு குடும்பத்த ரெண்டா கிழிச்சிக்கினு வாழணும். அவ்ளோதான்."

அந்த வீட்டுக்கு இரண்டாவது உலை என்றால் அதுதான் அர்த்தம். நான் மாடியில் ஜாடியை வைத்துவிட்டு இறங்கினேன்.

"இது என்னாத்துக்குங்க?"

"ஆபீஸ் வேலைம்மா. மாசக் கடைசியில வந்து எடுத்துக்குவேன். பெரிய ஆபீசருங்கல்லாம் பார்ப்பாங்க. பத்திரமா இருக்கட்டும்."

மார்கழி முடிந்து ஜாடிகளை எடுத்தேன். மற்ற மாடிகளில் எல்லாம் அடியில் கறுப்பாகப் படிந்திருந்தது. மில்லுக்குப் பக்கத்து வீடான வேதவல்லி வீட்டு ஜாடி மட்டும் கல்யாண வீட்டுச் செம்பு மாதிரி பளபளத்தது. மேனேஜர் முகத்திலும் அந்தப் பளபளப்பு வந்தது. எனக்கு அது சரியாகப் படவில்லை. மில் ஆட்கள் யாராவது மாடி ஏறுகிறார்களோ என்று சந்தேகப்பட்டேன்.

அடுத்த மாதம் ஜாடி எடுக்க வேண்டிய நாள் தைப்பூசத்தன்று வந்தது. வடலூருக்குப் போகிற கூட்டத்தில் பஸ்ஸில் கால் வைக்க இடமிருக்காது, அதுவும் கண்ணாடி ஜாடியோடு. அதனால் முதல் நாளே போய்விட்டேன். கொல்லைப்பக்கம் குழாயடியில் வேதவல்லி உட்கார்ந்திருந்தார். கையில் தேங்காய் நார். மடியில் என் ஜாடி.

"என்னம்மா பண்றீங்க?"

"ஐயோ, நாளைக்குத்தான வருவீங்க! இருங்க சார், தோ ஆயிடும்."

"எதுக்கும்மா இதைத் தேய்க்கிறீங்க?"

"பின்ன, எப்படிக் கெடக்குது பாருங்க. அடியில சேறாட்டம் மாவு. பெரிய ஆபீசருங்க பாப்பாங்கன்னு நீங்கதான சொன்னீங்க? எங்க வூட்லேர்ந்து போற சாமான இப்டியே குடுத்தா, இவ என்னா பொம்பளைன்னு நெனைக்க மாட்டாங்க? போன மாசமும் நல்லா வெளக்கி, குடிக்கிற தண்ணியா புடிச்சி ஊத்தி வச்சேன். பாத்திருப்பீங்களே!"

பெருமையோடு சொன்னார். உள்ளே மலர் இருமுகிற சத்தம் கேட்டது.

நான் அந்த ஈரத் தரையிலேயே குந்தி உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். ஜாடி எதற்கு, அந்தக் கறுப்பு எதற்கு, அதை வைத்து எதை முடிவு செய்யப் போகிறார்கள் என்று. மேனேஜர் சொல்லக் கூடாது என்றது அந்த நிமிஷம் எனக்குக் காலில் ஒட்டிய மண்ணுக்குச் சமம்.

வேதவல்லி கையிலிருந்த நாரைக் கீழே போட்டார்.

"அப்ப எம்பொண்ணுக்காகச் சாட்சி சொல்ல வந்தத, நானே தேச்சி ஊத்திட்டனா?"

திறந்திருந்த குழாயை நான் மூடினேன்.

"இத்த மொத நாளே ஏன் சார் சொல்லல?"

"சொன்னா நீங்க சாம்பல் கொட்டுவீங்கன்னு பயந்தாங்கம்மா."

அவர் என்னை நிமிர்ந்து பார்த்த பார்வை இன்னும் எனக்குள் இருக்கிறது. "நாங்களா? பொய்ச் சாம்பல் கொட்டறதுக்கு எங்களுக்கு இன்னாத்துக்கு சார்? அதான் அவன் கொட்டிக்கினு இருக்கானே, நெசச் சாம்பல!"

இந்த இடத்தில் நில்லுங்கள் தம்பிகளே, தங்கைகளே. படித்தவர்கள் குளிர்ந்த அறையில் உட்கார்ந்து யோசித்தார்கள். ஜனங்கள் பொய் சொன்னால் என்ன செய்வது என்று யோசித்தார்கள். ஏமாற்றினால் என்ன செய்வது என்று யோசித்தார்கள். தன் வீட்டிலிருந்து போகிற பாத்திரம் அழுக்காகப் போகக் கூடாது என்று ஒருத்தி நினைப்பாள் என்பது மட்டும் ஒருவர் புத்திக்கும் எட்டவில்லை. அடுத்தவரைத் திருடராகவே பார்த்துப் பழகிய கண்ணுக்கு மரியாதை தெரியாது.

மேனேஜரிடம் போய்ச் சொன்னேன். அவர் முட்டாள் இல்லை. கேட்டதும் அவருக்கு எல்லாம் புரிந்துவிட்டது. அதுதான் எனக்கு ஆத்திரம்.

"யார் கழுவச் சொன்னா? நாமளா சொன்னோம்? அவங்க கைவைச்சது அவங்க தப்பு. ஜாடியில என்ன இருந்ததோ அதுதான் ரிசல்ட்."

"சார், அது அந்தம்மா கழுவின தண்ணி சார். ரிசல்ட் இல்ல."

"இந்த ஒரு ஜாடி தப்புன்னு நீ சொன்னா, நாளைக்கு நம்ம ஜாடி அத்தனையும் தப்புன்னு ஒருத்தன் சொல்வான். நம்ம சோதனைக்கூடத்தோட பேர் கெடும். பேசாம இரு."

கூட்டம் டவுன்ஷிப் சமூகக் கூடத்தில் நடந்தது. அனுமதி கொடுக்க வேண்டிய அதிகாரி வெளியூரிலிருந்து வந்திருந்தார். முன் வரிசையில் மில் முதலாளி, சலவைச் சட்டை, நெற்றி நிறையத் திருநீறு. பெஞ்சுகளில் தெருக்காரர்கள். ஷிப்ட் முடிந்து அப்படியே வந்தவர்கள் சுவரோரமாக நின்றார்கள். மேனேஜர் எழுந்து, மில்லுக்கு மிக அருகில் உள்ள வீட்டில்தான் தூசி மிகக் குறைவு, ஆகவே மற்ற வீடுகளில் விழுவது மில்லிலிருந்து வருவதாக இருக்க முடியாது, அது ரோட்டுப் புழுதியும் அடுப்புப் புகையும்தான் என்று சொன்னார்.

"ரோட்டுப் புழுதியா?" ஏழுமலைக்குப் பின்னால் நின்ற ஒருவர் கத்தினார். "நம்ம ஊரு ரோட்டு மண்ணு செவப்பு சார்! எந்த ரோட்டுல நடந்துக்கினு வந்தீங்க நீங்க?"

சிரிப்பு எழுந்தது. ஆனால் அடுத்த வீட்டு சரோஜா சிரிக்கவில்லை. அவர் வேதவல்லி பக்கம் திரும்பினார்.

"ஏண்டி, எங்க வூட்டு ஜாடியெல்லாம் கரியா கெடக்குது, ஒன் வூட்டுது மட்டும் வெள்ளையா இருக்குதாமே! மில்லுக்காரன் ஒனக்கு இன்னாடி செஞ்சி குடுத்தான்?"

எல்லாத் தலையும் அந்தப் பக்கம் திரும்பியது. வேதவல்லி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு தலையைக் குனிந்தார். ஏழுமலை கையை முறுக்கிக்கொண்டு நின்றார். யாரை அடிப்பது என்று அவருக்குத் தெரியவில்லை. மேனேஜர் பார்த்துக்கொண்டுதான் இருந்தார். நடந்தது என்ன என்று அவருக்கு நன்றாகத் தெரியும். தாளைப் புரட்டினார்.

கூட்டம் முடிந்ததும் அதிகாரியைத் தனியாகப் பார்த்துச் சொல்லலாம் என்று எனக்கும் தோன்றியது. வேலையும் மிஞ்சும், உண்மையும் போய்ச் சேரும். புத்திசாலித்தனமான வழி. ஆனால் அந்தப் பெண் மேல் பழி விழுந்தது நாலு பேர் முன்னால். அதைத் தனி அறையில் துடைத்தால் துடைத்ததாகாது. நீங்களும் ஒரு நாள் இப்படி ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருப்பீர்கள். அப்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். நான் எழுந்தேன்.

"நீங்க யாரு?" என்றார் அதிகாரி.

"ஜாடி தூக்குறவன் சார். அந்த வீட்டு ஜாடி ரெண்டு மாசமும் கழுவின ஜாடி. ஆபீசருங்க பார்ப்பாங்கன்னு நான் சொன்னதால, மரியாதைக்குக் கழுவி வச்சிருக்காங்க. எதுக்கு ஜாடின்னு ஒரு வீட்லயும் சொல்லக் கூடாதுன்னு எங்களுக்கு உத்தரவு. இந்த விஷயம் எங்க மேனேஜருக்கும் தெரியும்."

அதிகாரி மேனேஜரைப் பார்த்தார். மேனேஜர் விட்டத்தைப் பார்த்தார்.

சரோஜாதான் முதலில் பேசினார். "அடிப் பாவி! கழுவினியா! ஒன் வூட்டுச் சட்டியெல்லாம் நாறிக்கினு கெடக்குது, ஊரான் ஜாடிய வெளக்கியிருக்கா பாரு!" என்று தலையில் அடித்துக்கொண்டார். கூடமே சிரித்தது. சரோஜா எழுந்து போய் வேதவல்லியை இடித்துக்கொண்டு உட்கார்ந்தார். அதற்கு மேல் அவர்களுக்குள் மன்னிப்பு எதுவும் தேவைப்படவில்லை.

அடுத்த காற்றுக்காலத்தில் மறுபடி அளக்க வேண்டும், அதுவரை உலைக்கு அனுமதி இல்லை என்றார் அதிகாரி. எனக்கு மெமோ வந்தது. வேலை போகவில்லை. வெயிலில் மாடி ஏற வேறு யாரும் தயாராக இல்லாததுதான் காரணம்.

இந்த முறை ஒவ்வொரு வீட்டிலும் உட்கார்ந்து விளக்கிச் சொன்னேன். சாம்பல் கொட்டினார்களா? ஒரு வீட்டில்கூட இல்லை. சரோஜா எனக்கு ஆள் அனுப்பினார், மாடியில் காக்கை ஜாடிக்குள் எச்சமிட்டுவிட்டதாம். "அத்த கழிச்சிடச் சொல்லுங்க. அவன் தூசியே நமக்குப் போதும், காக்காய்து வாணாம்." இவர்களைத்தான் நம்பக் கூடாது என்றார் எங்கள் மேனேஜர்!

ஜாடிகள் கறுத்தன. வேதவல்லி வீட்டு ஜாடி எல்லாவற்றையும்விடக் கறுத்தது. தூசியைத் தடுக்க ஏற்பாடு செய்தால்தான் இரண்டாவது உலை என்றார்கள். முதலாளி புகைபோக்கிக்கு அடியில் பெரிய தகரக் கூம்பு ஒன்றைக் கட்டினார். புகையை அதற்குள் சுழலவிட்டால் கனமான தூசி சுவரில் மோதிக் கீழே விழுந்துவிடும். நல்ல சாமான்தான், குறை சொல்ல மாட்டேன். கொடியில் துணி வெள்ளையாகக் காய்ந்தது. "மாவு நின்னு போச்சுடி" என்று மாடிக்கு மாடி சந்தோஷம். ஜாடியில் அடி தெரிந்தது.

மலருக்கு மட்டும் இளைப்பு நிற்கவில்லை.

ஏன் என்று நான் பிடித்துக்கொள்ளக் கொஞ்ச நாளானது. கூம்பு பிடிப்பது கனத்த தூசியை. ஜாடியில் விழுவதும் கனத்த தூசி. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய தூசி இரண்டிலும் சிக்காது. அது விழுவதே இல்லை. மிதந்துகொண்டே இருக்கும். மூக்கு தடுக்காது, தொண்டை தடுக்காது, நேரே நெஞ்சின் அடிவரை போய் உட்காரும். துணியில் படிந்தது எரிச்சல் மட்டும்தான். நோய் கொடுத்தது துணியில் படியாதது.

மேனேஜரிடம் சொன்னேன். "விழாத தூசியை ஜாடி எப்படி சார் காட்டும்?"

"நம்மகிட்ட இருக்கிறது ஜாடிதான். ஜாடி சுத்தம்." கொஞ்சம் நிறுத்தி, "இப்ப யாரும் கழுவலையே?" என்றார்.

சிரித்துக்கொண்டே சொன்னார். அந்தச் சிரிப்பை இத்தனை வருஷமாகியும் நான் மன்னிக்கவில்லை.

மறுபடியும் கூட்டம். மறுபடியும் எழுந்து நின்றேன். இந்த முறை எனக்குச் சொல்ல வாய் இருந்தது, காட்ட ஒன்றும் இல்லை. அதிகாரி பொறுமையாகக் கேட்டார். "நீங்க சொல்றது உண்மையா இருக்கலாம். அளக்காததை வச்சு நான் எப்படி மறுக்கிறது?" என்றார். ஏழுமலை எழுந்து, "அளக்கலன்னா இல்லன்னு ஆயிடுமா சார்? எம்பொண்ணு மூச்ச வந்து கேளுங்க" என்றார். கேட்க யாரும் போகவில்லை. அனுமதி கொடுத்துவிட்டார்கள்.

இரண்டாவது உலை பற்றவைத்த அன்று காலை, மாடியிலிருந்து ஸ்டாண்டுகளைக் கழற்றிக்கொண்டு வர அந்தத் தெருவுக்குப் போயிருந்தேன். முதலாளி வீட்டுக்கு வீடு லட்டு கொடுத்தனுப்பியிருந்தார். சந்தனம் வைத்த மில் ஆள் ஒருவர், பெரிய தாம்பாளத்தோடு ஒவ்வொரு வாசலிலும் நின்றார். வாசலுக்கு வந்த இனிப்பை மறுக்கிற பழக்கம் அங்கே யாருக்கும் இல்லை. எல்லோரும் வாங்கிக்கொண்டார்கள். சரோஜாகூட முகத்தைத் திருப்பிக்கொண்டு கையை நீட்டினார்.

வேதவல்லி வெளியே வந்தார். மில் ஆள், "முதலாளி குடுக்கச் சொன்னாருங்கம்மா, பாப்பாவுக்கு" என்று பொட்டலத்தை நீட்டினார்.

வேதவல்லி அதை வாங்கித் தெருவில் எறிந்தார். லட்டு உடைந்து உருண்டது.

"போய்ச் சொல்லு ஒங்க மொதலாளிகிட்ட. எம்பொண்ணுக்கு மூச்சு வுடறதுக்கே வாய் பத்தல. லட்டு தின்றதுக்கு வேற வாய் இல்லன்னு சொல்லு."

எதிர்வீட்டுக்குக் கேட்கிற அளவு சத்தமாகப் பேசிக்கூட யாரும் அறியாத பெண் அவர். அந்த மனுஷியை அப்படிக் கத்த வைத்தது நாம், நம் தொழில்.

அந்த வாரமே தாயும் பெண்ணும் மேல்பட்டாம்பாக்கம் போனார்கள். ஏழுமலைக்கு லீவு கிடைக்கவில்லை, பஸ் ஏற்றிவிடக்கூட வரவில்லை. சில மாதம் கழித்து அவரை மார்க்கெட்டில் பார்த்தேன். "பொண்ணு ஸ்கூலுக்குப் போவுதுங்க, ஓடி ஆடிக்கினு இருக்குது" என்றார். நல்ல செய்திதான். சொன்னவர் கையில் ஒற்றை ஆளுக்கான காய்கறி இருந்தது.

பிறகு வருஷங்கள் கழித்து மெல்லிய தூசியைப் பிடிக்கிற கருவிகள் வந்தன. இன்று உங்கள் ஒவ்வொருவர் கையிலும் இருக்கிறது. எங்கள் காலத்தில் அளக்க முடியவில்லை என்று சொல்லித் தப்பித்தார்கள். உங்களுக்கு அந்தச் சாக்கு இல்லை. உங்கள் கருவி நிற்கிற வீட்டில் ஒரு குழந்தைக்கு இளைக்கிறது, எண் உங்கள் கையில் இருக்கிறது, கதவு அங்கே இருக்கிறது. தட்டாமல் திரும்பினால், தெரிந்துதான் திரும்புகிறீர்கள்.